ஐம்பத்தைந்து மணி நேரம் போன இடம்

என் அன்புக்கும் அவ்வப்போது என் கோபத்துக்கும் உரிய மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. மகள் வீட்டில் உட்கார்ந்த இடத்துக்கு மூன்று வேளையும் சாப்பாடு வருகிறவனுக்குச் சௌக்கியத்தில் என்ன குறை வந்துவிடும். இங்கே உன் அக்கா சௌக்கியம், என் மகள் சௌக்கியம், கடை திங்கட்கிழமை வரை சௌக்கியமாக இருந்தது, நடுவில் ஒன்றரை நாள் படுத்துவிட்டது, இன்று மாலை மூன்று மணியிலிருந்து மறுபடி எழுந்து நடமாடுகிறது. ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை என்பதால்தான் இந்தக் கடிதம். ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான். ஃபோனில் நீ ஒவ்வொரு வரிக்கும் குறுக்கே வருவாய். கடிதத்தில் நான் ஒருத்தன்தான் பேசுவேன், நீ கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நடந்ததை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், ஏனென்றால் உன் மகளிடம் நீ வேறு மாதிரி சொல்லியிருப்பாய். நம் கடையில் இருக்கிற பம்பு, மோட்டார் உதிரிப் பாகங்கள் எத்தனை வகை என்று கேட்டால் நான் நாற்பத்திரண்டாயிரம் என்பேன், நீ நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு என்பாய், அதுதான் உன்னோடு பிரச்சினை. ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டு: அது எந்த மெஷினுக்குப் பொருந்தும், எந்த ரேக்கில், எந்த டிராயரில் கிடக்கிறது, எந்தப் பழைய பாகத்துக்குப் பதிலாக வந்தது, படம் எங்கே. இது போக வாடிக்கையாளர்களுடைய ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சீட்டு. ஆக மொத்தம் நாலு லட்சம் சீட்டு, எல்லாம் கீழே என் மகளுடைய சர்வர்களில். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடையைச் சாத்தியதும் அத்தனை சீட்டும் கேபிள் வழியாக மாடிக்கு ஏறி, உன்னுடைய மெயின்ஃபிரேம் என்கிற அந்தப் பழைய பெரிய கம்ப்யூட்டரில், டேப்பில் நகலாகப் போய் உட்கார வேண்டும். முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் ஏறி முடிந்தது. சீட்டு பெருகப் பெருக ஞாயிறு சாயந்திரம், அப்புறம் திங்கள் காலை, இப்போது திங்கள் சாயந்திரம் ஏழு மணி. ஐம்பத்தைந்து மணி நேரம். திங்கட்கிழமை முழுக்கக் கவுண்டரில் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். ஒரு வாஷரைத் தேடச் சொன்னால், தேடுகிறேன் தேடுகிறேன் என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர்கள் திங்கட்கிழமை நம் கடைக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். நான் அதற்கு, திங்கட்கிழமை வியாபாரம் மந்தம் என்று பேர் வைத்திருந்தேன்.

இதில் யார் பக்கம் தப்பு என்று இரண்டு வருஷமாக ஒரே பஞ்சாயத்து. "மாமா, உங்க பெட்டி மெதுவா வாங்குது" என்பாள் என் மகள். "உன் பெட்டி மெதுவா குடுக்குது பாப்பா" என்பாய் நீ. அவள் படியேறி வந்து சொல்வாள், நீ படியிறங்கிப் போய்ச் சொல்வாய். இரண்டு பேரும் படி ஏறி இறங்கிய தூரத்தைக் கூட்டினால் உன் மகள் ஊருக்கே வந்து சேர்ந்திருக்கலாம். நான் வியாபாரி. எனக்கு யார் சரி என்பது முக்கியமில்லை, சரக்கு போய்ச் சேர்ந்ததா என்பதுதான் முக்கியம். அதனால் எனக்குத் தெரிந்த வைத்தியத்தை எல்லாம் செய்தேன். பாதை குறுகல் என்று நினைத்து, இருந்ததிலேயே தடிமனான கேபிளை வாங்கிப் போட்டேன். ஐம்பத்தைந்து மணி நேரம். அந்தக் கேபிள் போய்ச் சேருகிற பெட்டி பழசு என்றார்கள், இருபத்து நாலு பச்சை விளக்கு எரிகிற புதுப் பெட்டி வந்தது. பார்க்க அழகாக இருந்தது, ஐம்பத்தைந்து மணி நேரம். அப்புறம் ஒரு நாள் எனக்கே ஒரு யோசனை தோன்றி, தூரம் குறைந்தால் நேரம் குறையும் என்று, சர்வர்களை எல்லாம் கீழேயிருந்து தூக்கி மாடிப்படித் திருப்பத்தில், உன் அறை வாசலுக்கு எதிரிலேயே வைக்கச் சொன்னேன். நீயும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போன ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. எல்லாவற்றையும் தூக்கின நம் கவுண்டர் பையன் நெட்டைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மறுவாரம் எல்லாம் கீழே இறங்கின.

கடைசியாகத்தான் அந்த டை கட்டின கம்ப்யூட்டர் ஆலோசகரைக் கூப்பிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அவர் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், கீழே இருக்கறது எல்லாம் ஓகே. மேலே இருக்கறதைத் தூக்கிடலாம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். நீ என்னை முப்பது வருஷமாகப் பார்க்கிறாய். நான் தலையை ஆட்டினால் அதற்கு, காதில் விழுந்தது என்று அர்த்தம், சரி என்று அர்த்தமில்லை. அவர் என்னை அன்றைக்குத்தான் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் அளவு டேப்போடு வந்து, உன் அறைக் கதவை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக அளந்து, நீ ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும்போது, "கதவு அகலம் பத்தாது சார், பெட்டியைப் பிரிச்சுப் போட்டுத்தான் வெளிய எடுக்கணும்" என்றார்.

அப்போது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன் மச்சான். பார்த்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இருபத்தாறு வருஷத்துல ஒரு சீட்டு தொலைச்சிருக்கேனா அத்தான்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்" என்று நீ கேட்டாய். கேட்டது நியாயம். நான் என்ன சொன்னேன்? "தொலைக்கலைப்பா, ஆனா உன் பெட்டி வாங்குனதத் திருப்பிக் குடுக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துருவான் போலிருக்கே." நெட்டை சிரித்தான், ஆலோசகர் சிரித்தார், என் மகள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். நீ சாவிக் கொத்தைச் சத்தமில்லாமல் என் மேஜையில் வைத்தாய். வீசியிருந்தால்கூடப் பரவாயில்லை, திட்டியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். மெதுவாக வைத்துவிட்டு, "பெட்டியப் பிரிக்கறப்போ இடது பக்கத்துத் திருகாணிய முதல்ல கழட்டச் சொல்லுங்க, இல்லைன்னா கதவு மேல விழும்" என்று சொல்லிவிட்டுப் போனாய் பார், அதுதான் என்னால் மூன்று நாளாகச் சாப்பாட்டுக்கு உட்கார முடியாமல் செய்தது. உன் அக்கா எனக்குத் தட்டு வைத்தாள், பேசவில்லை. நான் உப்பு கேட்டேன். "எல்லாத்துலயும் நீங்களே போட்டுக்குவீங்களே, இதுலயும் போட்டுக்கங்க" என்றாள்.

இனி நீ இல்லாதபோது நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கீழே பெரிய சர்வரில் கிர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் டக் டக் என்று இரண்டு தட்டல், அப்புறம் நிசப்தம். டிஸ்க் போய்விட்டது. கூடவே துணைக்கு வைத்திருந்த இன்னொரு டிஸ்க்கும் போன மாதமே போயிருக்கிறது. அதற்குச் சிவப்பு விளக்கு எரிந்ததாம், இருபத்து நாலு பச்சை விளக்கின் அழகில் நான் அதைப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. நாலு லட்சம் சீட்டும் போச்சு. கடையில் சரக்கு இருக்கிறது, எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்பது இல்லை. நான் பயப்படவில்லை. "இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி இந்தக் கடைய நான் என் தலைக்குள்ளதான்டா வெச்சிருந்தேன்" என்று நெட்டையிடம் சொல்லிவிட்டுக் கவுண்டரில் நானே நின்றேன்.

முதலில் வந்தது வழக்கமாக வருகிற பம்பு மெக்கானிக். ஒரு ரப்பர் வளையம் கேட்டார், கட்டை விரல் அளவு. மூன்றாவது வரிசை, மேலிருந்து ஐந்தாவது டிராயர் என்றேன், கண்ணைக்கூடத் திறக்காமல். நெட்டை ஏணியில் ஏறிப் பார்த்தால் அதில் பித்தளைக் குழாய். அதற்குப் பக்கத்து டிராயரில் ஸ்பிரிங். அதற்குக் கீழே, நான் ஆறு வருஷத்துக்கு முன்னால் தொலைத்த மூக்குக் கண்ணாடி. முக்கால் மணி நேரம் தேடி, மெக்கானிக்கும் ஏணியில் ஏறி, இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து டிராயர்களைத் திறந்துகொண்டே வந்து நடுவில் சந்தித்துக்கொண்டார்கள். "இங்க இல்ல." "அங்கயும் இல்ல." மெக்கானிக் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க மச்சான் எங்க? அவரு இருந்தா மாடியிலருந்தே சொல்லிருவாரே" என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பத்தரை மணிக்கு வாசலில் ஒன்பது பேர். பதினொன்றுக்கு "இன்று கணக்கெடுப்பு" என்று பலகை மாட்டிக் கதவைப் பாதி சாத்தினேன். பொய்தான். ஆனால் கடைக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் நிற்கிறேன் என்று எந்தப் பலகையில் எழுதுவது?

நல்ல வேளை, திங்கட்கிழமை சாயந்திரம்தான் உன் டேப்பில் எல்லாம் ஏறி முடிந்திருந்தது. என் மகள் புது டிஸ்க்கை மாட்டி, மேலேயிருந்து சீட்டுகளைத் திரும்ப இறக்க ஆரம்பித்தாள். "எப்ப முடியும்?" என்றேன். "வியாழக்கிழமை சாயந்திரம்" என்றாள். மச்சான், நான் சாமான் விற்கிறவன், ஒருத்தன் நாளைக்கு வா என்றாலே கடையையே மாற்றிவிடுகிற வாடிக்கையாளர்களை வைத்துப் பிழைக்கிறவன். மூன்று நாள் கதவைச் சாத்தினால் நாலாவது நாள் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. எனக்கு வேறு வேலையும் இல்லை, சர்வர் அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எனக்காகத் தமிழிலேயே வரிகள் வருகிற மாதிரி செய்து வைத்திருக்கிறாய், அதற்கு நன்றி. கேட்டது. வந்தது. சரிபார்த்தது. கையொப்பம். மறுபடி, கேட்டது, வந்தது, சரிபார்த்தது, கையொப்பம். சின்ன வயதில் மூட்டை எண்ணிப் பழகின கண், சும்மா இருக்குமா? கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எண்ணினேன். பத்துச் சீட்டுக்கு ஐந்து நொடி. அடுத்த பத்துக்கும் ஐந்து நொடி. நூறு எண்ணினேன், ஐம்பது நொடி. அரை நொடிக்கு ஒரு சீட்டு, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. கேபிள் எவ்வளவு தடிமனாக இருந்தால் என்ன, தாளம் தப்பவில்லை.

"இந்த ஒரு சீட்டு மேலருந்து கீழ வர எவ்வளவு நேரம் ஆகுது?" என்று அவளைக் கேட்டேன்.

"வர்றதுக்கு நேரமே ஆகலப்பா. கண்ணை மூடித் திறக்கறதுல நூத்துல ஒரு பங்கு."

"அப்ப மீதி?"

"மீதி நேரம் கையெழுத்துக்காக நிக்குது."

"யாரு கையெழுத்துக்கு?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். மேலே டேப்பிலிருந்து ஒரே ஒரு சீட்டை எடுக்கிறது, அனுப்புகிறது, நிற்கிறது. கீழே அதை டிஸ்க்கில் எழுதி, எழுதினதைத் திருப்பிப் படித்து, ஒத்துப் பார்த்து, வந்தது என்று கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புகிறது. அதற்குள் ஓடிக்கொண்டிருந்த டேப் நின்றுவிடுகிறது, நின்றதைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி கிளப்பி, அடுத்த சீட்டு. ஏறும்போதும் இதே கதைதான், இடம்தான் மாறும். எட்டு லாரி போகிற ரோட்டில் ஒரு ஆள் ஒரு சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறான், அவன் போய்த் திரும்பி வருகிற வரை மற்ற எல்லாரும் கைகட்டி நிற்கிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த மடையன் இப்படி ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சது?" என்றேன். நீதான் என்று நினைத்துத்தான் கேட்டேன், மறைப்பானேன். அவள் சீட்டை ஏற்றி இறக்குகிற அந்தப் புரோகிராமின் முதல் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். நீ எழுதி வைத்திருக்கிறாய், ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி போட்டு: "அத்தான் உத்தரவு. ஒன்று இறங்கி, எண்ணி, கையெழுத்தான பிறகே அடுத்தது. இதை யாரும் மாற்றக் கூடாது."

மடையன் யார் என்று தெரிந்துவிட்டது. திரையும் மரியாதையாகக் கையொப்பம், கையொப்பம் என்று என்னைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தது.

அந்த விதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும், உன் மகளுக்குத் தெரியாது, படித்துக் காட்டு. பத்தொன்பது வயதில் நான் ஒரு கிடங்கில் சுமை இறக்குகிறவன். பன்னிரண்டு பெட்டி பேரிங் ஏற்றினேன், அந்தப் பக்கம் பதினொன்று இறங்கியது. எங்கே போனது என்று எனக்கும் தெரியாது, லாரிக்காரருக்கும் தெரியாது. முதலாளி என் முகத்தைக்கூடப் பார்க்காமல், நாளையிலிருந்து வராதே என்றார். அன்றைக்கு நடந்து வீட்டுக்கு வரும்போது முடிவு செய்தேன், என்றாவது எனக்கென்று ஒரு கிடங்கு இருந்தால் ஒரு பெட்டி இறங்கிக் கையெழுத்தாகாமல் இன்னொரு பெட்டியில் எவனும் கை வைக்கக் கூடாது. கடை ஆரம்பித்ததும் அதைச் சுவரில் பெரிதாக எழுதியே வைத்தேன். நீ சர்வருக்கும் மெயின்ஃபிரேமுக்கும் பாதை போட்டபோது உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, இதற்கும் அதே விதிதான் என்று சொன்னதும் நான்தான். நீ அப்படியே செய்தாய். என் வார்த்தையை இவ்வளவு அட்சரம் பிசகாமல் கேட்ட ஆள் உலகத்தில் நீ ஒருத்தன்தான், அதுதான் வினையாகப் போயிற்று.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கிடங்கில் அந்த விதியை நானே எடுத்து ஏழு வருஷம் ஆகிறது. லாரிக்காரர்கள் வாசலில் ஹார்ன் அடித்துத் தெருவையே கூட்டினார்கள், பொறுக்க முடியாமல், பெட்டிகளை மரப் பலகையில் அடுக்கி, மேலே வார் போட்டுக் கட்டி, ஒரு பலகைக்கு ஒரு கையெழுத்து, ஆறு கதவையும் ஒரே நேரத்தில் திற என்று மாற்றினேன். காலையில் வந்த லாரி டீ குடிக்கிற நேரத்தில் திரும்பிப் போனது. சுவரில் இருந்ததற்கு வெள்ளையடித்தேன். கிடங்குக்குச் சொன்னேன், ஆட்களுக்குச் சொன்னேன், லாரிக்காரர்களுக்குச் சொன்னேன், மாடியில் இருக்கிற மெஷினுக்கு மட்டும் சொல்லவில்லை. அது பாவம், ஒன்பது வருஷமாக நாலு லட்சம் பெட்டியை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறது.

"பாப்பா, இதையும் பலகையில அடுக்க முடியாதா? ஐயாயிரம் சீட்டை ஒண்ணாக் கட்டு. ஒரு கட்டுக்கு ஒரு கையெழுத்து. ஆறு கதவு மாதிரி ஆறு வழியா ஒரே நேரத்துல அனுப்பு. ஒரு கட்டு கெட்டுப் போனா அந்தக் கட்டை மட்டும் திருப்பி வாங்கு. கடைசியில மொத்தத்தை எண்ணு" என்றேன். அவள் கண் இரண்டும் விரிந்தது. "அப்பா! உங்களுக்கு எப்படிப்பா இது தோணுச்சு?" என்றாள். கம்ப்யூட்டர் படித்த பெண் மச்சான், தன் வாயால் கேட்டாள். நான் சாதாரணமாக இருக்கிற மாதிரி கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

செவ்வாய் மதியத்திலிருந்து புதன் மதியம் வரை அவளுக்கு அதுதான் வேலை. கீழே அவள் சர்வரில் ஏதோ எழுதினாள், மாடிக்கு ஓடினாள், கதவைச் சாத்திக்கொண்டாள், வந்தாள். உன் மெயின்ஃபிரேமில் கை வைக்க உன்னைத் தவிர யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். மாமாவின் நோட்டு இருக்கிறது, அதைப் பார்த்துச் செய்கிறேன் என்றாள். நான் உள்ளே போகவில்லை, மெஷினுக்காக ஏசி போட்டு வைத்திருக்கிற அந்தக் குளிர் எனக்கு ஆகாது, இரண்டு நிமிஷம் நின்றால் இரண்டு நாள் தும்முவேன். இன்று மதியம் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குப் புதிதாக இறக்க ஆரம்பித்தாள். எண்பது கட்டு. திரையில் வரிகள் ஓடவில்லை, குதித்தன. மூன்று மணி இரண்டு நிமிஷத்துக்கு நாலு லட்சமும் வந்து, எண்ணி முடிந்து, ஒரு சீட்டு குறையாமல் நின்றது. ஐம்பத்திரண்டு நிமிஷம். எனக்கு நம்பிக்கை வரவில்லை, அந்த ரப்பர் வளையத்தைத் தேடச் சொன்னேன். ஒரு நொடியில் வந்தது: ஒன்பதாவது வரிசை, தரையை ஒட்டின டிராயர். நான் சொன்ன இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். மெக்கானிக்கை நானே கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். அப்புறம் கீழேயிருந்து மேலே ஏற்றியும் பார்த்தோம், ஒரு மணி எட்டு நிமிஷம். இனி சனிக்கிழமை கடை சாத்தி, நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் முடிந்துவிடும். திங்கட்கிழமை என்று ஒரு நாள் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

ஆலோசகருக்கு உடனே ஃபோன் போட்டேன். வர வேண்டாம் என்றேன். "சார், அது மியூசியத்துல வைக்க வேண்டிய பொருள்" என்றார். "அதுவும் நானும் சேர்ந்துதான் இந்தக் கடைய நடத்தறோம், ரெண்டு பேருக்கும் இடம் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன். வைத்துவிட்டார்.

ஆகவே மச்சான், என் தீர்ப்பு இது. தப்பு உன் பெட்டி மேலும் இல்லை, அவள் பெட்டி மேலும் இல்லை. உன் பெட்டி கேட்டதைக் கொடுத்தது, கொடுத்ததைக் காத்தது, அது இல்லையென்றால் இன்றைக்கு எனக்குக் கடை இல்லை. வெள்ளிக்கிழமை நான் சொன்னது தப்பு. நாலு பேர் முன்னால் சொன்னது இன்னும் தப்பு. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும், ஆதலால் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லாதே. உன் அறைக் கதவை யாரும் அளக்க மாட்டார்கள். சாவிக் கொத்து என் மேஜையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன், காலையிலிருந்து தேடுகிறேன், காகிதத்துக்கு அடியில் இருக்கும். நீ இந்த வாரமே கிளம்பி வா. நீ இல்லாமல் என்னோடு சண்டை போடக் கடையில் ஆள் இல்லை. எல்லாரும் சரிங்க சரிங்க என்கிறார்கள், வாயில் ருசியே இல்லை.

உன் அக்கா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். இன்றைக்கு என்னோடு பேசுகிறாள், அதிலிருந்தே நான் மன்னிக்கப்பட்டது தெரிகிறது. உன் மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் அன்பு. உன் பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா என்று எழுது. எல்லாரும் நோய் நொடி இல்லாமல், டிஸ்க் கிர்ரென்று சத்தம் போடாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாயாடி அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பாதியை அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, உன் மகள் வீட்டுக் கதவு எண் பதினாலா நாற்பத்தொன்றா என்று சந்தேகம் வந்து, என் மகளைக் கேட்க மாடிக்குப் போனேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், அவளுக்கு எதிரில், உன் ஸ்டூலில், உன் ஸ்வெட்டரில், என் வீட்டு டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுவது யார்? நீ என்னைப் பார்க்கவில்லை, தட்டில் கவனமாக இருந்தாய். அவளைச் சைகையால் வெளியே கூப்பிட்டேன்.

"எப்ப வந்தாரு?"

"செவ்வாய்க்கிழமை மதியம். டிஸ்க் போச்சுன்னு ஒரு ஃபோன்தான் பண்ணேன்ப்பா. போட்டிருந்த சட்டையோட பஸ் ஏறிட்டாரு. சாவிய உங்க மேஜையிலருந்து நான்தான் எடுத்துட்டு வந்தேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சாப்பாடு யாரு அனுப்பறாங்கன்னு நெனச்சீங்க?"

"அப்ப அந்தப் பலகை யோசனை?"

அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள், வேறு என்ன செய்வாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே விதியை மாத்தலாமான்னு மாமா உங்களைக் கேட்டாராம். 'என் விதியில கை வெச்சா அந்தக் கை உனக்கு இருக்காது'ன்னீங்களாம். அதுக்கப்புறம் அவரு கேக்கல, எங்கிட்டயும் சொல்லல. செவ்வாய்க்கிழமை ஃபோன்லதான் எனக்கே தெரிஞ்சுது. 'நாம சொன்னா ஒத்துக்க மாட்டாரு பாப்பா. நாற்காலியத் திரைக்கு எதிர்ல போடு, கையில வாட்ச் இருக்கான்னு பாரு, மிச்சத்தை அவரே கண்டுபிடிச்சிருவாரு'ன்னாரு."

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னுடையதுதான், சத்தம்கூடக் காதில் கேட்கிறது. ஆக, உன்னைத் திரும்பி வரச் சொல்லி நான் எழுதினது வீண், நீ வந்து இரண்டு நாள் ஆகிறது. என் மூளையைப் பற்றி எழுதினதும் வீண். மன்னிப்புக் கேட்டதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, அதை நீயே வைத்துக்கொள்.

ஆனால் ஒன்று. நான்தான் கண்டுபிடித்தேன் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன், நெட்டையிடம் சொல்லிவிட்டேன், ஆலோசகருக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டேன். அதைக் கெடுத்துவிடாதே. இந்தக் கடிதத்தை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். இப்போது வெளியே வராதே. பின்படி வழியாக வீட்டுக்குப் போய்ப் படு. நாளைக் காலை கடை திறந்து, கவுண்டரில் நாலு பேர் சேர்ந்த பிறகு, ஊரிலிருந்து வருகிற மாதிரி கையில் ஒரு பையோடு முன்வாசல் வழியாக வா. வெள்ளிக்கிழமை சிரித்தவர்களில் ஆலோசகர் போக மற்றவர்கள் எல்லாரும் இருப்பார்கள். நான் எழுந்து வாசல் வரை வந்து, உன் பையை வாங்கிக்கொண்டு, உன்னை மாடிக்குக் கூட்டிப் போகிறேன்.